சீசர் அஞ்சில் நின்ற பிஷப்

செண்பகவல்லி டீச்சரிடம் செஸ் படிக்க வருகிறவர்களில் அருமைநாயகத்துக்கு மட்டும்தான் தலை நரைத்திருந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர் டைம் கீப்பர். டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். அவர் டீச்சர் என்று கூப்பிடுவார், டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

டீச்சர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஒரு காயை நகர்த்துவார். அதுதான் பதில். புரிந்தவர்கள் தொடர்ந்து வருவார்கள். புரியாதவர்கள் அடுத்த மாதம் கேரம் வகுப்பில் சேர்ந்துவிடுவார்கள்.

அருமைநாயகம் புரிந்தும் புரியாமலும் வந்துகொண்டே இருந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. மாவட்ட அணியில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும். வாலிபத்திலிருந்தே தேர்வுப் போட்டிக்குப் போகிறார். ஒவ்வொரு தடவையும் அரைப் புள்ளியிலோ ஒரு புள்ளியிலோ வாய்ப்பு நழுவிவிடும். அணிக்குத் தேர்வானவர்களுக்குப் பச்சை நிறத்தில் ஒரு டீஷர்ட் கொடுப்பார்கள், முதுகில் மாவட்டத்தின் பெயர் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இது என்ன ஆசை என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதனால் ஆசை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவர் மலைபோல் நம்பியிருந்தது ஸ்பானிஷ் ஓப்பனிங்கை. ஆட்டத்தின் முதல் சில மூவ்களைத்தான் ஓப்பனிங் என்கிறார்கள். இதை வைத்தால் அதை வை என்று எத்தனையோ பேர் ஆடி ஆடித் தேய்த்து வைத்த பாதை அது. அந்தப் பாதையில் டீச்சர் அவரை வருஷக்கணக்காக நடக்கவைத்தார். எப்போதும் அவருக்கு வெள்ளைக் காய், டீச்சருக்குக் கறுப்பு. ஐந்தாவது மூவில் டீச்சருடைய பிஷப் வெளியே வந்து, தன் ராஜாவுக்கு நேர்முன்னால் இருக்கும் கட்டத்தில் அடக்கமாக நின்றுகொள்ளும். எத்தனை நூறு தடவை ஆடினாலும் அதே கட்டம். அருமைநாயகத்தின் கைக்கு அதெல்லாம் பழகிப்போயிற்று. பஸ் ஸ்டாண்டிலும் அவர் அப்படித்தான். ஹாரன் சத்தம் கேட்டால் போதும், தலை நிமிராமலே எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவார்.

தேர்வுப் போட்டிக்கு முந்தைய வாரம் அவர் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், ஓப்பனிங் இப்ப கண்ண மூடிக்கிட்டே ஆடுவேன். இனி என்ன படிக்கணும்?"

டீச்சர் காய்களை அடுக்கினார். ஆட்டம் தொடங்கியது. ஐந்தாவது மூவில் டீச்சர் தன் பிஷப்பைக் கையில் எடுத்தார். எடுத்ததைப் பலகையில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அருமைநாயகம் அடுத்த மூவை ஆடினார். டீச்சர் ஆடியதும் அதற்கடுத்த மூவையும் ஆடினார். பிறகு இன்னும் இரண்டு. அவர் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

டீச்சர் கையை நீட்டித் திறந்து காட்டினார்.

அருமைநாயகம் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"இங்க சும்மா ஆடுறதுதானே, டீச்சர். போட்டியில கண்ணு தானா முழிச்சுக்கும்."

டீச்சர் பிஷப்பை அதன் கட்டத்தில் வைத்துவிட்டு, டீ ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னார்.

போட்டி விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டு நின்றது. மேடையில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய மணமக்கள் பெயரில் மணமகன் மட்டும் முழுசாக மிச்சமிருந்தார். பந்தி பரிமாறும் நீள மேசைகளைப் போட்டு அவற்றின் மேல் பலகைகளை வைத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் நேற்றைய சாம்பார் வாசனையில் பசித்தது.

இந்தத் தடவை அருமைநாயகம் நன்றாக ஆடினார். கடைசிச் சுற்று வந்தபோது அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அந்த இடம் அவருக்கு, அல்லது கடைசிச் சுற்றில் அவரோடு மோதுகிறவருக்கு. யார் ஜெயிக்கிறாரோ அவர் போகலாம். ஆட்டம் டிராவில் முடிந்தால் இருவருக்கும் கிடைக்காது, தன் ஆட்டத்தை முன்பே முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பல் டாக்டருக்குப் போய்விடும். பல் டாக்டர் தூண் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எந்தச் சாமியிடமோ டிரா கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிராளி சாத்தூர் கோர்ட்டில் வக்கீல். பெயர் தங்கமாரியப்பன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

அதைத் தெரிந்துகொண்டதும் அருமைநாயகத்துக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நிம்மதிதான் அதிகம்.

நடுவர் இருவரையும் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். ஆட்டம் ஒன்று, பலகை இரண்டு. அருமைநாயகத்துக்கு வழக்கமான பலகை. வக்கீலுக்குக் கட்டத்துக்குக் கட்டம் துளை போட்ட பலகை, காய்களின் அடியில் முளை இருக்கும், தடவிப் பார்த்தாலும் கவிழாது. ஒருவர் மூவை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத் தன் பலகையிலும் அதே மூவை வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பச் சொல்லும்வரை மூவ் முடிந்ததாகக் கணக்கில்லை. வக்கீல் ஆட்டத்தைப் பதிவு செய்ய ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்திருந்தார், அதுவும் மேசை மேல் இருந்தது.

கட்டங்களுக்கு ஆங்கில எழுத்தைச் சொன்னால் பி, சி, டி எல்லாம் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால் பார்வையில்லாதவர்கள் ஆடும்போது எட்டு வரிசைக்கும் எட்டுப் பெயர் உண்டு. அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். பெயரை அடுத்துச் சொல்லும் எண், அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் என்பது. அருமைநாயகத்துக்கு அது பிடித்திருந்தது. ஊர் பேர் தெரியாத எட்டு விருந்தாளிகள் வந்து நிற்பது மாதிரி இருந்தது.

அவருக்கு வெள்ளைக் காய்.

"பான், ஈவா நாலு."

"பான், ஈவா நாலு" என்று வக்கீல் திரும்பச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் பலகையில் வெள்ளைச் சிப்பாயைப் பிடுங்கி இரண்டு கட்டம் தள்ளிச் செருகினார். பிறகு தன் மூவைச் சொன்னார். மேசையின் குறுக்கே பெயர்களும் எண்களும் போய் வந்தன. எல்லாம் ஸ்பானிஷ் ஓப்பனிங்கின் பாதையிலேயே போயிற்று. அருமைநாயகத்துக்குச் சொந்த ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ஐந்தாவது மூவில் வக்கீல் சொன்னார்.

"பிஷப், சீசர் அஞ்சு."

அது பாதையை விட்டு விலகிய மூவ். பிஷப் ராஜாவின் முன்னால் அடங்கி நிற்காமல், கட்டங்களைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறது. அருமைநாயகத்தின் காது அதைச் சரியாகத்தான் கேட்டது. "பிஷப், சீசர் அஞ்சு" என்று வாயும் சரியாகத்தான் திரும்பச் சொன்னது. கை மட்டும் கறுப்புப் பிஷப்பை எடுத்து, வருஷக்கணக்காக அது நிற்கும் இடத்தில், ராஜாவுக்கு நேர்முன்னால், ஈவா ஏழில் வைத்தது. வைத்துவிட்டு அடுத்த மூவுக்குப் போய்விட்டது. நடுவர் அப்போது வேறு மேசையில் இருந்தார். வைத்தவருக்கே தெரியவில்லை, மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்.

அடுத்து வந்த மூவ்களெல்லாம் இரண்டு பலகைக்கும் பொருந்திப் போயின. அதுதான் வினை. ஒன்றாவது இடித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இரண்டு ராஜாக்களும் கோட்டைக்குள் போனார்கள், சிப்பாய்கள் நகர்ந்தன, குதிரைகள் இடம் மாறின. இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்டங்களை ஒரே குரலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அருமைநாயகத்துக்கு வழி ஒன்று தெரிந்தது. ராணியை ஈவா வரிசையில் ஒரு கட்டம் மேலே ஏற்றி, அங்கிருந்து பக்கவாட்டில் கொண்டுபோய் வக்கீலின் ராஜாவுக்கு எதிரே நிறுத்தினால் ஆட்டம் கிட்டத்தட்ட கையில். திரும்பத் திரும்பப் பார்த்தார். தடுக்க ஆள் இல்லை. பச்சை டீஷர்ட் கண்ணுக்குள் வந்து நின்றது. தன்னுடைய அளவுக்குக் கிடைக்குமா, பெரிய சைஸ் கேட்டு வாங்க வேண்டுமா என்றுகூட யோசித்துவிட்டார்.

"குயின், ஈவா மூணு" என்றார்.

வக்கீல் திரும்பச் சொல்லவில்லை.

அவருடைய விரல்கள் தன் பலகையில் பிஷப்பிடம் போயின. பிஷப்பிலிருந்து குறுக்காக ஒரு கட்டம் இறங்கின. அது காலி. இன்னொரு கட்டம் இறங்கின. அதுதான் ஈவா மூன்று. ராணி வரப்போவதாகச் சொன்ன கட்டம். விரல் அங்கேயே நின்றது. தூங்கும் பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல மெதுவாக அந்த வெற்றுக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூவைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பிஷப்பால் ராணியை எடுத்தால் அருமைநாயகத்தின் ஆட்டம் முடிந்தது. மாவட்ட அணியில் இடமும் வக்கீலுக்குத்தான்.

அருமைநாயகம் காத்திருந்தார். பாவம், தோற்கப்போகிறார், யோசிக்கட்டும் என்று நினைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் வக்கீல்.

"கேளுங்க."

"உங்க பலகையில என் பிஷப் ஈவா ஏழுலயா நிக்குது?"

அருமைநாயகம் பார்த்தார். "ஆமா. அங்கதான் நிக்குது."

"என் பலகையில சீசர் அஞ்சுல நிக்குது."

வக்கீல் நடுவரைக் கூப்பிட்டார். அருமைநாயகம் எழுந்து நடுவரின் காதோரமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்து சரிபண்ணி விட்ருங்க சார், பாவம், பார்வை இல்லாதவரு, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சுட்டது.

நடுவர் ரெக்கார்டரைப் பின்னால் ஓட்டிப் போட்டார். முதலில் வக்கீலின் குரல் வந்தது. "பிஷப், சீசர் அஞ்சு." அதையடுத்து இன்னொரு குரல், தெளிவாக, கொஞ்சம் அவசரமாக. "பிஷப், சீசர் அஞ்சு."

அது அவருடைய குரல்.

அருமைநாயகம் தன் பலகையைப் பார்த்தார். ராஜாவுக்கு முன்னால் பிஷப் அடக்கமாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பிஷப்பை யாரும் அங்கே வைக்கச் சொல்லவில்லை. அது அங்கே இல்லவே இல்லை. இவ்வளவு நேரம் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு ஆடியிருக்கிறோம் என்று உறைத்தது. பிஷப்பை எடுத்துச் சீசர் ஐந்தில் வைத்தார். அங்கிருந்து குறுக்கே பார்த்தார். ஈவா மூன்றில் நின்ற தன் ராணி தெரிந்தது. நடுவில் ஒரு தூசிகூட இல்லை.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"நல்லா ஆடுறவர் நீங்க. இவ்வளவு நேரம் ஆடினதுல தெரிஞ்சுது. அப்படிப்பட்டவர் ராணியக் கொண்டாந்து என் பிஷப் வாயில வைக்க மாட்டார். அப்ப உங்க பலகையில என் பிஷப் அங்க இல்ல. அங்க இல்லன்னா வேற எங்க இருக்கும்? இந்த ஓப்பனிங்ல எல்லாரும் அதை வைக்கிற இடம் ஒண்ணுதான்."

அருமைநாயகம் வக்கீலின் முகத்தையே பார்த்தார். இந்த மனிதர் அருமைநாயகத்தின் பலகையைத் தொட்டதில்லை. அதன் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை. அதில் எந்தக் காய் எங்கே தவறி நிற்கிறது என்று அங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டிருந்த தனக்குத்தான் அது தெரியவில்லை.

வக்கீல் இன்னும் திரும்பச் சொல்லாததால் ராணியின் மூவ் கணக்கில் வராது என்றார் நடுவர். காயைத் தப்பாக வைத்ததற்காக அருமைநாயகத்தை எச்சரித்து, வக்கீலுக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுத்தார். ராணி திரும்பி வந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது அருமைநாயகம் அதுவரை ஆடியிராத ஆட்டம்.

முதலில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பழகிய பாதை எங்கேயோ பின்னால் நின்றுவிட்டது. சீசர் ஐந்தில் பிஷப் நிற்கும்போது தன் சிப்பாய்கள் எந்தெந்தப் பக்கம் பயப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வக்கீல் ஒரு மூவைச் சொன்னால் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு, காயை வைத்துவிட்டு, வைத்த காயை மறுபடியும் பார்த்தார். ஏன் அங்கே வைத்தார், என்ன வேண்டும் அவருக்கு என்று யோசித்தார். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவர் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. கூடவே மனசுக்குள் எதுவோ பொங்கி வந்தது. அந்தப் பலகையில் இவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சே இல்லை. வக்கீல் சரியான ஆள். ராணியை எடுக்காமல் விட்டவர் அடுத்த சில மூவ்களில் ஒரு சிப்பாயை நெரித்தே எடுத்துவிட்டார். அருமைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்ப வாங்கினார். குதிரையும் குதிரையும் போயின. யானைகள் போயின. ராணிகள் ஒன்றையொன்று எடுத்துக்கொண்டன. மற்ற மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடுத்த கல்யாணத்துக்கு நாற்காலி துடைக்க ஆரம்பித்த மண்டபத்துக்காரர்கள், இந்த மேசைப் பக்கம் மட்டும் வராமல் தள்ளி நின்றார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் பிரார்த்தனையை மறந்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து ஆட்டத்தைப் பார்த்தார்.

கடைசியில் வக்கீலிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. அருமைநாயகத்திடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும். தொட்டால் பச்சை டீஷர்ட். அவர் அதைக் குழந்தையைக் கைபிடித்து நடத்துவது போல ஒவ்வொரு கட்டமாக நடத்திக்கொண்டு போனார்.

"பான், ஈவா ஏழு" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஈவா ஏழு. இல்லாத பிஷப்பை அவர் கை வைத்த அதே கட்டம். இப்போது அங்கே ஒரு காய் உண்மையாகவே நிற்கிறது.

"பான், ஈவா ஏழு" என்றார் வக்கீல். தன் ராஜாவைச் சிப்பாய்க்கு நேர்முன்னால் கொண்டுவந்து செருகினார். ஆட்டம் தொடங்கியபோது அந்த ராஜா நின்றிருந்த அதே கட்டம்.

அருமைநாயகம் நெடுநேரம் பார்த்தார். ராஜாவை விலக்கினால் சிப்பாய் பறிபோகும். சிப்பாயைக் காக்க அவருக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"கிங், ஈவா ஆறு."

வக்கீல் திரும்பச் சொல்லிவிட்டுத் தன் ராஜாவைச் சுற்றியிருந்த கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் வெள்ளையின் காவல் இருந்தது. போக இடமில்லை. ஆனால் ராஜாவுக்குச் செக்கும் இல்லை. செக் இல்லாமல் நகர இடமில்லாமல் போனால் ஆட்டம் டிரா.

"முடிஞ்சுது, அண்ணாச்சி" என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

டிராவானால் இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகையின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வழக்கம். வக்கீல் தன் பலகையில் ராஜாக்களைப் பிடுங்கி நடுவில் செருகினார். அருமைநாயகம் தன் பலகையில் வைத்தார். வைத்துவிட்டு ஒரு பலகையையும் மற்றதையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றபோதும் அப்படிக் கலங்கியதில்லை, ஜெயித்தபோதும் கலங்கியதில்லை.

அணியில் மிச்சமிருந்த இடம் பல் டாக்டருக்குப் போயிற்று. அவர் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷத்தைக் காட்டலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பந்திக்கூடத்தில் கைகழுவும் குழாய் ஓரமாக இருவரும் டீ குடித்தார்கள். அருமைநாயகத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த ராணிய நீங்க எடுத்திருக்கலாம். எடுத்திருந்தா இன்னிக்கு நீங்கதானே அணியில."

"ஆமா."

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? நானும் காலேஜ்ல இருந்து முயற்சி பண்றேன். வீட்டுக்குப் போனா சாப்பாடு இறங்காது."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

வக்கீல் டம்ளரைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மூவ நீங்க எங்கிட்ட ஆடலையே, அண்ணாச்சி. நீங்க வேற யார்கூடவோ ஆடிக்கிட்டிருந்தீங்க. ரெண்டு பேர் ஆடிக்கிட்டிருக்கையில நடுவுல பூந்து ராணிய எடுத்துட்டுப் போறது நல்லாவா இருக்கும்?"

"வேற யார்கூட?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவங்க பிஷப்ப எங்க வைப்பாங்கங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அருமைநாயகம் அவரைச் சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தன் பஸ்ஸைப் பிடித்தார். ஹாரன் சத்தம் கேட்டபோது தலை நிமிர்ந்து, வண்டியின் ஊர்ப் பலகையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு என்ன என்று கேட்கவில்லை. பலகையை விரித்து, வழக்கம்போலக் கறுப்புக் காய்களின் பக்கம் உட்கார்ந்தார். அருமைநாயகம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இரண்டு பக்கத்துக் காய்களையும் தானே நகர்த்தினார். ஐந்தாவது மூவில் பிஷப்பைத் தன் கை எங்கே வைத்தது என்று காட்டினார். ரெக்கார்டரில் தன் குரலைக் கேட்டதைச் சொன்னார். பார்வையில்லாத மனிதர் தன் பலகைக்குள் புகுந்து பார்த்ததையும் சொன்னார். நடுவரிடம் தான் சொன்ன பெருந்தன்மையான வார்த்தையைக்கூட மறைக்கவில்லை. டீயின்போது வக்கீல் சொன்னதையும் சொல்லி முடித்தார்.

பிறகு பிஷப்பை ஈவா ஏழிலிருந்து எடுத்துச் சீசர் ஐந்தில் வைத்தார். ராணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். ஆட்டம் மறுபடி தொடங்கிய இடம் பலகையில் இருந்தது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"அவர் சொன்னதுதான் எனக்கு விடிய விடிய ஓடுச்சு. அவ்வளவு நேரமும் எதிர்ல அவர்தான் உக்காந்திருந்தாரு. அவர்கூட ஆடலன்னா, அப்ப நான் யார்கூட ஆடினேன்?"

டீச்சர் எழுந்தார். இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த கறுப்புப் பக்கத்து நாற்காலியை அப்படியே காலியாக விட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் பலகையின் பக்கவாட்டில், புதிதாகப் பார்க்க வந்தவரைப் போல உட்கார்ந்தார்.

"எங்கூட" என்றார். "அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். அவர்கூட ஆடினதக் காட்டுங்க, அண்ணாச்சி. அத நான் பாத்ததில்ல."